வாசலைப் பார்த்து உட்கார்ந்த வகுப்பு

சிவகாசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் யூகேஜி பிள்ளைகளுக்குப் பட்டாசு வேலை பழக்குகிறார்கள் என்று முதலில் என்னிடம் சொன்னவர் புகழேந்தி. கம்பெனி வேன் ஓட்டுகிறவர். காலையில் தாயில்பட்டிப் பக்கத்து ஊர்களில் ஆள் ஏற்றிக் கம்பெனியில் இறக்கிவிட்டு, வெம்பக்கோட்டை ரோட்டில் டீ குடிக்க வண்டியை நிறுத்துவார். டீ ஆறுவதற்குள் வட்டாரச் செய்திகள் வெளியாகிவிடும்.

"கண்ணால பார்த்தேன் சார். தங்கச்சி மகனுக்குச் சோத்து டப்பா குடுக்க மாடி ஏறினேன். செருப்பெல்லாம் வெளிய கழட்டிக் கிடக்கு. பிள்ளைக தரையில உக்காந்து அம்புட்டும் வாசலைப் பார்த்து இருக்கு, கம்பெனி ரூம்ல உக்கார்ற மாதிரியே. போர்டு முதுகுக்குப் பின்னால. டீச்சர் முதுகைப் பார்த்துப் பாடம் நடத்துறாக. பக்கத்துல நம்ம ராமுத்தாய் நிக்கா. அவ எந்தக் கம்பெனியில இருந்தவன்னு எனக்குத் தெரியாதா? என் வேன்லதான வந்தா?"

"வெடிமருந்தெல்லாம் குடுக்கிறாங்களா?"

"மருந்து இன்னும் குடுக்கல. மொதல்ல உக்காரத்தான சார் பழக்குவாக?"

இந்தச் செய்தி சாத்தூர் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் கையில் திரி வந்துவிட்டது. அச்சங்குளத்தில் அவர்களுக்குச் சனிக்கிழமை சம்பளம் போட்டிருந்தார்கள். விருதுநகரில் இதையே எனக்குத் திருப்பிச் சொன்ன ஒருவர், தீபாவளி போனஸ் உண்டா என்பதை மட்டும் விசாரித்துச் சொல்லச் சொன்னார். 'இங்கு குழந்தைத் தொழிலாளர் இல்லை' என்று வாசலுக்கு வாசல் போர்டு மாட்டியிருக்கிற வட்டாரம் இது. பள்ளிக்கூட வாசலிலும் ஒன்று மாட்டலாமா என்று யோசித்துக்கொண்டே, பத்திரிகைக்காரன் என்ற கடமைக்கு நேரில் பார்க்கக் கிளம்பினேன்.

பள்ளியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒரு பூவின் பெயர், அதற்கு முன்னால் ஒரு 'லிட்டில்'. அதை வைத்து எந்தப் பள்ளி என்று கண்டுபிடிக்க முடிந்தால் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். கீழே அலுவலகம், மேலே வகுப்புகள். முன்பக்கம் ஒரு படிக்கட்டு. பின்பக்கம் ஒன்று இருப்பதாக வரைபடத்தில் இருக்கிறது.

மாடி ஏறினேன். புகழேந்தி பொய் சொல்லவில்லை. செருப்புகள் வெளியே வரிசையாக இருந்தன. நானும் கழற்றினேன், அந்த வரிசையைப் பார்த்தால் யாருக்கும் கழற்றத்தான் தோன்றும். உள்ளே எட்டிப் பார்த்தேன். பொதுவாக ஒரு வகுப்பை எட்டிப் பார்த்தால் கடைசி பெஞ்சுப் பையன்கள் இரண்டு பேர் திரும்புவார்கள். இங்கே யாரும் திரும்பவே தேவையில்லை. வகுப்பு மொத்தமும் ஏற்கெனவே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

வாசலுக்கு அருகில் சுவரோடு நின்ற ராமுத்தாய்க்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். நீலச் சேலை, அதுதான் ஆயாமார் யூனிபாரம். இடைவேளையில் பிள்ளைகளைக் கைகழுவக் கூட்டிவந்தபோது பேச்சுக் கொடுத்தேன்.

"ஏம்மா, பிள்ளைகளை எதுக்கு வாசலைப் பார்த்து உக்கார வச்சிருக்கீங்க?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கேலி செய்கிறேனா என்று சந்தேகம்.

"வேற எங்கன பார்த்து உக்காரணும்?" என்றார்.

கரும்பலகையை என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் அது அவ்வளவு வலுவான காரணமாகத் தெரியவில்லை.

தாளாளர் ஞானசுந்தரியம்மாளிடம் போனபோதுதான் கதையின் முன்பாதி கிடைத்தது. மாடியில் வகுப்பு நடத்துகிற பள்ளிகள் பிள்ளைகளுக்குத் தீ விபத்தின்போது வெளியேறுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்து, தீயணைப்பு அதிகாரி முன்னால் ஒருமுறை செய்தும் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். கூடவே ஒரு படத்தாள். அதில் சிரித்த முகத்தோடு ஒரு பிள்ளை தீயிலிருந்து நடந்து வருகிறது. நடக்கவும், ஓட வேண்டாம். ஜோடியின் கையை விட வேண்டாம். புகை இருந்தால் மூக்கைத் துணியால் மூடித் தவழவும். லிஃப்ட் பயன்படுத்த வேண்டாம். கடைசி உத்தரவை மட்டும் பள்ளி முதல் நாளிலிருந்தே பின்பற்றுகிறது. லிஃப்ட் கிடையாது.

"யார் சொல்லிக்குடுக்கன்னு கேட்டேன் சார். எல்லா டீச்சரும் சுவத்தப் பாத்தாங்க. நம்ம ராமுத்தாய் பட்டாசுக் கம்பெனியில இருந்தவங்களாச்சே, தீயப் பத்தி அவங்களுக்குத் தெரியாததான்னு அவங்ககிட்ட விட்டேன். தப்பா?"

தப்பா என்று எனக்கும் விளங்கவில்லை. ராமுத்தாயிடமே கேட்டேன்.

"தீயக் கிட்டத்துல பாத்தவுக பாடம் எடுக்க வரமாட்டாக சார்," என்றார். "நான் சத்தத்தத்தான் கேட்டிருக்கேன். ஒவ்வொரு தடவையும் நம்ம கம்பெனியா இருக்காது."

தாயில்பட்டிக்காரர். அப்பா அம்மா காட்டு வேலை. இவர் கல்யாணமாகி வந்த வருடமே கம்பெனி வேனில் ஏறியவர். சங்குசக்கரப் பிரிவில் தொடங்கி, கைக்குப் பழகின வேலையை எல்லாம் செய்திருக்கிறார். போன வருடம் கம்பெனியை மாதக்கணக்கில் மூடிவைத்தபோது இந்த ஆயா வேலை கிடைத்தது. கம்பெனி மறுபடி திறந்தும் போகவில்லை. மதுரையில் நர்சிங் படிக்கிற மகள் கற்பகவல்லி, 'நீ திரும்பக் கம்பெனிப் படி ஏறினா நான் படிப்ப விட்டுட்டு வந்துருவேன்' என்று போனில் மிரட்டி வைத்திருக்கிறாள். வீட்டுக்காரர் சங்கிலிமுத்து தீப்பெட்டி லோடு ஏற்றுகிறவர். அவர் இரண்டு பக்கமும் பேசுவதில்லை; சாப்பாடு போடுவது மனைவி, லீவுக்கு வந்தால் மகள்.

ஆக, இந்த வேலை ராமுத்தாய்க்கு முக்கியம். அதனால் தனக்குத் தெரிந்ததை ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தார்.

"கம்பெனியில சேந்த அன்னைக்குப் போர்மேன் எங்களுக்கு என்ன சொன்னாரோ, அதத்தான் சொன்னேன். செருப்பு வெளிய. வாசலைப் பாத்து உக்காரு. சத்தம் கேட்டா என்னன்னு பாக்காத, எந்திரிச்சு ஓடு. பையைத் தேடாத. திரும்பிப் பாக்காத."

"படத்துல தவழச் சொல்லியிருக்கே?"

"தவழ்ந்தா எப்ப சார் வெளிய போய்ச் சேர? புகை வர்ற வரைக்கும் நாங்க அங்கன எதுக்கு உக்காந்திருக்கோம்?"

அவர் சொல்வது கம்பெனித் தீ. அது கதவைத் தட்டிவிட்டு வருவதில்லை. படத்தாள் சொல்வது கட்டிடத் தீ. அது சொந்தக்காரர் மாதிரி; முதலில் புகையை அனுப்பிவிட்டுப் பின்னால் மெதுவாக வரும். கம்பெனியில் ராமுத்தாய் இருந்த அறைக்குப் பக்கத்துக்கு ஒரு வாசல், இறங்கினால் வெறும் பொட்டல். இங்கே ஒரே வாசல், அதைத் தாண்டினால் படிக்கட்டு. பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லவில்லை. அவர்களிடம் இரண்டு பாடமும் சேர்ந்து இருந்தது. கேட்டால் ஒரே மூச்சில் ஒப்பித்தார்கள்: "ஓடாமல் நடந்து வேகமாக ஓட வேண்டும்."

முதல் நாள் வந்ததுமே ராமுத்தாய் இன்னொரு வாசலைத் தேடியிருக்கிறார். பின்பக்கப் படிக்கட்டைக் காட்டியிருக்கிறார்கள். நானும் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை காலண்டர் கட்டு. தாளாளரின் வீட்டுக்காரருக்கு அச்சகம். சீசன் நேரத்தில் குடோன் பத்தாது. சாமிகள் படமாக, கட்டுக்கட்டாக அந்தப் படிகளில் குடியேறியிருந்தார்கள்.

"தையில சீசன் முடியிற வரைக்குந்தான் சார்," என்றார் ஞானசுந்தரியம்மாள். "லோடு போயிட்டா படி ஃப்ரீ."

தை பிறந்தால் வழி பிறக்கும் என்று எவ்வளவோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். படிக்கட்டுக் கணக்கில் அது பலிக்கிற கட்டிடத்தை இப்போதுதான் பார்த்தேன்.

நான் போவதற்கு முந்தின வாரம் ஒரு ஒத்திகை நடந்திருந்தது. ராமுத்தாய் விசில் ஊதியிருக்கிறார். வகுப்பு மொத்தமும் எழுந்து ஒரே வாசலில் ஒரே நேரத்தில் பாய்ந்து, பாட்டில் வாயில் மாட்டிய கோலி மாதிரி அடைத்துக்கொண்டது. ஹரிபிரசாத் என்ற பையனுக்குப் பல் விழுந்தது. அது ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல் என்று பள்ளியும், ஆடவே இல்லை என்று வீட்டாரும் இன்றுவரை சொல்கிறார்கள். ஒருத்தன் மட்டும் தவழ்ந்தான். அவன் மேல் நாலு பேர் நடந்தார்கள்.

ஆனால் தாளாளரைக் கலங்கடித்தது அது இல்லை. நெரிசலில் தப்பிக் கீழே வந்த பிள்ளைகள், கூடச் சொல்லியிருந்த கொடிக்கம்பத்தடிக்குப் போகவில்லை. நேராக அலுவலகத்துக்கு வந்து போன் முன்னால் நின்றார்கள். முதலில் வந்தவள் சினேகா. தாயில்பட்டிப் பிள்ளை.

"மேடம், போன் போடுங்க," என்றாளாம்.

"யாருக்குடா?"

"யாருக்காச்சும். எந்தக் கம்பெனின்னு கேக்கணும்."

அந்தப் பக்கத்து வீடுகளில் ஒரு சத்தம் கேட்டால் முதலில் நடப்பது அதுதான். அடுப்பை அணைப்பார்களோ இல்லையோ, போனை எடுத்து 'எந்தக் கம்பெனி' என்று கேட்பார்கள். சினேகா தன் பங்குக்கு விதியைப் பின்பற்றியிருக்கிறாள். அவள் பின்னால் மற்ற பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள். அன்றைக்கு ஒழுங்கான வரிசை உருவானது அந்த ஒரு இடத்தில்தான். தள்ளுமுள்ளு இல்லை, சத்தம் இல்லை.

ஞானசுந்தரியம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் என் காது கேட்கவே ராமுத்தாயிடம் சொன்னார்: "வெள்ளிக்கிழமை ஆபீசர் வர்றார். ஊருக்குள்ள ஏற்கெனவே கண்டபடி பேசுறாங்க, இந்தா பேப்பர்காரரே வந்துட்டாரு. அன்னைக்கும் இப்படி ஆச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. நீங்க பழைய இடத்துக்கே போயிக்கங்க."

ராமுத்தாய் தலையாட்டினார். பழைய இடம் என்றால் என்னவென்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

அன்றிலிருந்து அவர் இரண்டு பாடத்தையும் ஒன்றாகத் தைக்கப் பார்த்தார். ஜோடி சேர்த்தார். கைகோர்க்கச் சொன்னார். நடக்கச் சொன்னார், அவர் நடந்து காட்டியதைப் பார்த்தேன், ஒவ்வொரு எட்டுக்கும் கால் ஓடத் துடித்தது. சினேகாவுக்கு ஜோடி ஹரிபிரசாத். வியாழக்கிழமை மத்தியானம், எல்லாம் சரியாக வருகிற மாதிரி இருந்தபோது, சினேகா கையைத் தூக்கினாள்.

"ஆயாம்மா, இவன் விழுந்துட்டா நான் நிக்கணுமா, ஓடணுமா?"

"கைய விடக்கூடாதுத்தா."

"திரும்பிப் பாக்காம ஓடணும்னீக?"

"அது... அது வந்து, கம்பெனியில."

"அப்ப கம்பெனியில எங்கம்மா விழுந்தா, பக்கத்துல உக்காந்திருக்க அத்தை ஓடிருவாகளா?"

சினேகாவின் அம்மா மாரிசெல்வி இப்போது உட்கார்ந்திருப்பது ராமுத்தாய் முன்பு உட்கார்ந்திருந்த அறையில். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அத்தைமார் யார் யாரென்றும் ராமுத்தாய்க்குத் தெரியும். கம்பெனி விதியைக் கேட்டால் அதில் ஒரு குழப்பமும் இல்லை. ஓட வேண்டும். நின்றால் ஒரு உயிருக்கு இரண்டு உயிர் போகும். ஆனால் அதை மாரிசெல்வியின் மகளிடம் எப்படிச் சொல்வது?

"நாளைக்குச் சொல்றேன் தாயி," என்றார்.

பிள்ளை விடவில்லை. வழியில் வந்த எல்லோரிடமும் கேட்டாள். டீச்சர், "மிஸ் வந்து தூக்குவேன்டா," என்றார். "மிஸ் விழுந்தா?" என்றாள். தாளாளர், "நல்ல பிள்ளைங்க யாரும் விழமாட்டாங்க," என்றார். என்னிடமும் கேட்டாள். எனக்கு அந்த நேரம் பார்த்து ஒரு போன் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை தீயணைப்பு அதிகாரி வந்தார். பொறுமைசாலி, பழையபடி கரும்பலகையைப் பார்த்து உட்காரவைக்கப்பட்டிருந்த பிள்ளைகளிடம் சிரித்துப் பேசினார். சினேகா அவரிடமும் கேட்டாள்.

"விழாம இறங்கணும் பாப்பா. அதுக்குத்தானே ஒத்திகை?" என்றார் அவர்.

பிறகு கீழே வந்து, கொடிக்கம்பத்தடியில் என்னோடு நின்றுகொண்டு, கையோடு கொண்டுவந்திருந்த கைப்பிடிச் சைரனைச் சுற்றினார். விசில் போதாது, நிஜம் மாதிரி இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

நிஜம் மாதிரியே இருந்தது. வேறு ஊரில் சைரன் கேட்டால் சனம் விலகி ஓடும். இங்கே சத்தம் வந்த திசையைப் பார்த்து ஓடிவரும். உள்ளே தன் வீட்டு ஆள் இருக்கும் அல்லவா? பக்கத்துச் சந்தில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த பெண்கள் பசைக் கையோடு வந்தார்கள். எதிர்க் காலனித் தாய்மார்கள் வந்தார்கள். பூட்டியிருந்த கேட்டின் சாவியோடு வாட்ச்மேன் தண்ணீர் கொண்டுவரப் போயிருந்ததால், பத்துப் பேர் சேர்ந்து கேட்டைக் கழற்றியே வைத்தார்கள். "எந்தக் கிளாசு? எந்தக் கிளாசு?" என்று கேட்டபடி கூட்டம் முன்பக்கப் படியில் மேலே ஏறியது. ஜோடி ஜோடியாகக் கைகோர்த்து, நடந்து, மிக அழகாகப் பிள்ளைகள் அதே படியில் கீழே இறங்கினார்கள். இரண்டு கூட்டமும் படிக்கட்டின் திருப்பத்தில் சந்தித்தன. பின்பக்கப் படியில் சாமிகள் மட்டும் நிம்மதியாக இருந்தார்கள்.

"தீ இல்லாமலே இப்படியா?" என்றார் அதிகாரி. சைரனை நிறுத்துவதற்கு மறந்து, கை அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்களைத் தாண்டி ஓர் உருவம் பறந்தது. நீலச் சேலை, வெறுங்கால். ராமுத்தாய். கொடிக்கம்பத்தில் நிற்கவில்லை. கேட் இருந்த இடத்தைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, காலி மனையைத் தாண்டி ஒரு வேப்ப மரத்தடியில் போய்த்தான் நின்றார். திரும்பிப் பார்க்கவே இல்லை. இத்தனை வருடம் பழகின உடம்பு. சைரன் கேட்டதும் அவரைக் கேட்காமலே புறப்பட்டுவிட்டது. மூச்சு வாங்கியபோதுதான் கையைப் பார்த்தார் போல. கையில் பிள்ளைகள் யாரும் இல்லை.

அப்புறம் வந்த வேகத்திலேயே திரும்பினார். எங்களைத் தாண்டி மறுபடி உள்ளே போனார். "உள்ள போகக்கூடாதும்மா!" என்று அதிகாரி கத்தினார். அவர் காதில் அது விழுந்த மாதிரி தெரியவில்லை. நானும் அதிகாரியும் பின்னால் ஓடினோம். ஆக அன்று எல்லோரும் உள்ளேதான் ஓடினோம்.

திருப்பத்தில், சுவரோரம் ஒரு படியில், ஹரிபிரசாத் வழுக்கி உட்கார்ந்திருந்தான். சினேகா அவன் கையைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பெரியவர்களின் கால்கள் இரண்டு பக்கமும் போய்க்கொண்டிருந்தன. யாருக்கும் அடி இல்லை. ராமுத்தாய் இரண்டு பேரையும் இடுப்புக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார்.

"ஆயாம்மா, நீங்க ஓடிட்டீக," என்றாள் சினேகா. குற்றம் சொல்லவில்லை, தகவல் சொன்னாள்.

"ஆமாத்தா."

"அப்புறம் ஏன் வந்தீக?"

"தெரியலத்தா."

"அது போர்மேன் சொன்னதுலயும் இல்ல, படத்துலயும் இல்ல."

"இல்லதான்."

"அப்ப எது கரெக்ட்டு?"

"கீழ போயிப் பேசுவம் தாயி. கழுத்த இறுக்காத, மூச்சு முட்டுது."

கீழே அலுவலகத்தில் ராமுத்தாய் சுவரோரம் நின்றார், அதிகாரி எழுதினார். பின்பக்கப் படியைக் காலி செய்ய வேண்டும். வகுப்புக்கு இன்னொரு வாசல் திறக்க வேண்டும். படியில் ஓடச் சொல்லிக்கொடுப்பது தப்பு. ஒருத்தர் தடுக்கினால் எல்லோரும் போவார்கள். ஒத்திகையை முதலில் ஊருக்குச் சொல்லிவிட்டுத்தான் நடத்த வேண்டும். பாதுகாப்புச் சான்று இப்போது இல்லை, மறு ஒத்திகைக்குப் பிறகு. ஞானசுந்தரியம்மாள், "சீசன் சார், தை வரைக்கும்..." என்று ஆரம்பித்தார். அதிகாரி பேனாவை மூடிக்கொண்டே, "தையில வர்றேன் மேடம். படியில ஒரு கட்டு இருந்தாலும் மேல்மாடிக்குப் பூட்டு," என்றார்.

அவர் போனபின் தாளாளர் ராமுத்தாய் பக்கம் திரும்பினார். ஒத்திகையை நடத்த வேண்டியவர் ஓடிப்போனார். ஓடிப்போனவர் திரும்பி வந்தார். வேலையை விட்டு அனுப்ப முதலாவது காரணம். வைத்துக்கொள்ள இரண்டாவது காரணம். எதை எதில் கழிப்பது என்று அவருக்குப் புரியவில்லை.

"சரி, தை வரைக்கும் இருங்க. பாப்போம்," என்றார் கடைசியில்.

வேலையும் காலண்டரும் ஒரே தேதிவரை என்று ஆகிவிட்டது. கற்பகவல்லியிடம் ராமுத்தாய் இதைச் சொல்லவில்லை. 'எல்லாம் நல்லா நடந்துச்சுத்தா' என்று மட்டும் போனில் சொன்னார்.

வதந்தியைச் சரிபார்க்கப் போனவன் முடிவைச் சொல்ல வேண்டும். அங்கே யாரும் பட்டாசு வேலை பழக்கவில்லை. இதைப் புகழேந்தியிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. "வேலை பழக்கலன்னா அன்னைக்கு எதுக்கு சார் சைரன் கேட்டுச்சு?" என்றார். சாத்தூரில் அந்தப் பள்ளிக்கூடம் எரிந்தே போய்விட்டதாம். அச்சங்குளத்தில் நஷ்டஈடு அறிவித்துவிட்டார்களாம்.

மார்கழியில் ஒருநாள் அந்தப் பக்கம் போனேன். பின்படியில் கட்டுகள் பாதிக்குக் குறைந்திருந்தன. இன்னொரு வாசலுக்காகச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டிருந்தார்கள். கோடு வழியாக இன்னும் யாரும் போக முடியாது. வகுப்பு இப்போது கரும்பலகையையும் பார்க்கவில்லை, வாசலையும் பார்க்கவில்லை. இரண்டுக்கும் பொதுவாகக் குறுக்கே உட்கார்ந்திருந்தது. ஒரு கழுத்துத் திருப்பலில் 'அ', மறு திருப்பலில் வாசல். பிள்ளைகளுக்குக் கழுத்து வலிக்கிறதா என்று கேட்டேன். வலிக்கிறது என்று பாதிப் பேர் சொன்னார்கள், எந்தப் பக்கம் என்று பாதிப் பேர் கேட்டார்கள்.

சாயங்காலம் பள்ளி வேன் வந்தது. ராமுத்தாய் ஒவ்வொரு பிள்ளையாக ஏற்றிவிட்டார். சினேகா படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஆயாம்மா, இன்னும் சொல்லல."

"என்னத்தா?"

"நிக்கணுமா, ஓடணுமான்னு. எங்கம்மாகிட்ட கேட்டேன், ஆயாம்மாகிட்டயே கேளுன்னு சொல்லிட்டா."

ராமுத்தாய் பிள்ளையின் பையைச் சரிசெய்தார். சரியாக இருந்ததை மறுபடியும் சரிசெய்தார்.

"நாளைக்குச் சொல்றேன் தாயி."

"நேத்தும் நாளைக்குன்னீக. நாளைக்கு லீவு."

"அப்பத் திங்கக்கிழமை."

"சத்தியமா?"

டிரைவர் ஹார்ன் அடித்தார். பதிலுக்குக் காத்திருக்க நேரமில்லை. சினேகா உள்ளே ஏறினாள். ஜன்னலோர இடம் காலியாகத்தான் இருந்தது. அதை விட்டுவிட்டு, வேன் கதவைப் பார்த்த மாதிரி இருந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.